ஈரம் தொட்டால் கத்தும்

மூடிக் கிடந்த சோப்பு ஆலையின் வாசலில் வேன் வந்து நின்றபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. தம்பி இறங்கி, துருப்பிடித்த இரும்புக் கதவைத் தோளால் முட்டித் திறந்தான். அக்காள் வண்டியை உள்ளே ஓட்டினாள். மண்டையைப் பிளக்கும் வெயில். பயப்படுவதற்கென்று ஒரு நேரம் உண்டென்றால் அது நிச்சயமாக இதுவல்ல.

நிலத்துக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து அலுவலகத்துக்கு அனுப்புவது அவர்கள் இருவருடைய வேலை. சுற்றுவட்டாரத்துக் கண்காணிப்புக் கிணறுகள் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். முன்பு இந்த வேலையை அவளுடைய கணவரும் தம்பியும் செய்தார்கள். கிணறு என்றாலே கணவருக்குக் கால் நிற்காது, இறங்கிவிடுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் 'பாதாளம்' என்று பட்டப்பேர். பாதாளம் வந்தாச்சா, பாதாளம் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆலைக் கிணற்றில், உள்ளே பொருத்தியிருந்த கருவியைத் துடைக்க இறங்கியவர், கயிறு அறுந்து விழுந்துவிட்டார். மறுநாள் தேடியவர்கள் பாதி வழியில் மண் சரிந்து திரும்பினார்கள். உடல் கிடைக்கவில்லை. கிணற்றின் வாயில் இரும்பு மூடி போட்டு, அளவு எடுப்பதற்கு மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை விட்டார்கள். அவருடைய வேலை அவளுக்கு வந்தது. அவர் இருக்கும் இடம் என்று அவள் கைகாட்டக்கூடியது உலகத்தில் இந்த ஓட்டை ஒன்றுதான். அதற்காகவே அவள் மாதாமாதம் வந்தாள்.

அதுவும் இன்றோடு சரி. கிணறு வறண்டிருந்தால் கான்கிரீட் கொட்டி மூடிவிடலாம் என்று அலுவலகம் முடிவு செய்திருந்தது. நாளைக் காலைக்கு ஆட்கள் தயார். இன்றைய அளவு ஒன்றுதான் பாக்கி. தண்ணீர் இருக்கிறது என்று வந்தால் கிணறு பிழைக்கும்.

"அக்கா, வறண்டுடுச்சுன்னு அனுப்பிட்டுப் போயிடலாம்க்கா. குருவியை இறக்கவே வேணாம்," என்றான் தம்பி.

"அளக்காம அனுப்பத்தான் சம்பளம் குடுக்கறாங்களா?"

"மாமா மாதிரியே பேசுற."

"அவர் பொண்டாட்டி வேற எப்படிடா பேசுவா?"

குருவி என்பது அளக்கும் கருவி. உருளையில் சுற்றிய நீண்ட நாடா, அதன் முனையில் சுண்டுவிரல் அளவு உலோகக் குண்டு. குண்டு ஈரத்தைத் தொட்டால் மேலே உருளை 'கீச்' என்று கத்தும். நாடாவில் ஆழத்தைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். குருவிக்குத் தண்ணீர் என்றெல்லாம் தெரியாது. ஈரம் எதுவானாலும் அது கத்தும்.

அவளை உறுத்திய விஷயம் ஒன்று இருந்தது. சுற்றிலும் இருக்கிற கிணறுகளில் மட்டம் இறங்கிக்கொண்டே போக, இந்த ஒன்றில் மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தது. மழை இல்லை, ஓடை இல்லை. கருவி கெட்டுவிட்டது என்றார் மேலதிகாரி. பேட்டரியை மாற்றினார்கள், கம்பியை மாற்றினார்கள். குருவி போன மாதத்தைவிட மேலேயே கத்தியது. கிணற்றை மூடச் சொல்லி எழுதிப் போட்டவன் தம்பி. "உன் நல்லதுக்குத்தான்க்கா, இங்க வந்து வந்து அழுறியே," என்றான். அதை நினைத்து அவள் நெகிழ்ந்துகூடப் போயிருந்தாள்.

ஓட்டை வழியாகக் குண்டை இறக்கினாள். உள்ளிருந்து புளித்த சோப்பு நாற்றமும் ஈரமண் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நாடா சரசரவென்று போனது. போன மாதம் இருபது மீட்டரில் கத்தியது.

இன்று எட்டிலேயே கத்தியது.

சந்தேகப்பட்டு மேலே இழுத்தாள். நாடா முழுக்கக் காய்ந்திருந்தது. குண்டு மட்டும் நனைந்திருந்தது. அதில் கறுப்பாகச் சேறு. ஒரு பக்கம் நான்கு கோடுகள், மறுபக்கம் அகலமாக ஒன்று. யாரோ அதை இறுக்கிப் பிடித்திருந்த தடம்.

"தவளையா இருக்கும்," என்றான் தம்பி.

"தவளைக்கு எங்கடா கட்டைவிரல்?"

மறுபடி இறக்கினாள். எட்டு மீட்டர் வரவில்லை, ஆறில் நாடா விறைத்து நின்றது. அவள் கையை அசைக்கவில்லை.

கீச். கீச். கீச்.

நின்றது.

கீச். கீச். கீச்.

தம்பியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. "அணைச்சிடுக்கா! அணைச்சிடு! அன்னைக்கும் இப்படித்தான் நிக்காம..."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"என்னைக்கு?"

அவன் உருண்ட பாட்டிலை எடுக்கக் குனிந்தான்.

"என்னைக்குடா நிக்காம கத்துச்சு?"

குருவி மூன்று மூன்றாகக் கத்திக்கொண்டிருந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் அவன் சொன்னான் என்று நினைக்க வேண்டியிருக்கிறது, அக்காள் மேல் வைத்த பாசத்தால் அல்ல.

"அது தூக்குன்னு அர்த்தம்க்கா. கீழேருந்து கத்துனா மேல கேக்காது. அதனால மாமா குருவி முனையைக் கையோட வச்சிருப்பாரு. மூணு தடவை தண்ணியில முக்கினா, தூக்கணும்."

"கயிறு அறுந்துச்சுன்னு சொன்னியே."

"அறுந்துபோகலை. அதை நான்தான் அப்புறம் அறுத்தேன். சிகரெட் வாங்கணும்னு வண்டியை எடுத்தேன். வண்டிக் கொக்கியிலதான் கயிறு மாட்டியிருந்துச்சு. கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டேன். ஏணியில நிக்கறாரு, அஞ்சு நிமிஷந்தானேன்னு... திரும்பி வந்தா ஆளைக் காணோம். குருவி கத்திட்டிருக்கு."

"உயிரோட இருந்தாரு."

"மேல வந்தா சொல்லிடுவாருக்கா. ஏற்கெனவே ஒருதரம் என்னைப் பிடிச்சு, இன்னொரு தடவை இப்படிப் பண்ணா வேலையை விட்டே அனுப்பிடுவேன்னு சொல்லியிருந்தாரு."

"எவ்வளவு நேரம் கத்துச்சு?"

"சாயங்காலம் வரைக்கும்."

"அதுவரைக்கும் நீ என்ன பண்ண?"

"குமிழைத் திருகி அணைச்சிட்டேன். மனசு கேக்காம அப்பப்போ போட்டுப் பார்த்தேன். கத்திட்டேதான் இருந்துச்சு. அப்புறம் ஒருதரம் போட்டப்ப கத்தலை. அதுக்கப்புறந்தான் எல்லாருக்கும் போன் பண்ணேன்."

அம்மா போனபோது இவன் நடக்கக்கூடப் பழகவில்லை. இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள். கட்டிக்கொண்டு போன வீட்டுக்கும் இவனைக் கூட்டிக்கொண்டே போனாள். கணவர் ஒரு வார்த்தை முகம் சுளித்ததில்லை, தானே வேலையும் வாங்கிக் கொடுத்தார். அவர் போன அன்று அவளைவிட அதிகமாக அழுதவன் இவன். நீயே இப்படி அழுதா நான் யாரைப் பிடிச்சுக்கிட்டு அழுவேன் என்று இவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். கூட இருந்தே குழி பறிப்பது என்று பேச்சுக்குச் சொல்வார்களே, இவன் பறித்த குழிக்குப் பக்கத்தில் நின்று அவள் மூன்று வருஷம் இவனுக்கே ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அவனை அடிக்கக்கூடத் தோன்றவில்லை.

வேனிலிருந்து திருகுசாவியை எடுத்து வந்து மூடியின் மரைகளைக் கழற்றினாள். இருவரும் சேர்ந்துதான் மூடியை நகர்த்த முடிந்தது. எட்டிப் பார்த்தாள். இரும்பு ஏணிப் படிகள் நான்கைந்து தெரிந்தன. அதற்குக் கீழே நாடா இருட்டுக்குள் விறைப்பாக இறங்கியது.

உடல் எங்கோ படியில் மாட்டியிருக்கிறது, அதுதான் ஈரம் என்று தன் மனதுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டாள். பார்த்துவிட வேண்டும். கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை வண்டிக் கொக்கியில் தானே மாட்டி, வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் மேல வந்ததும் நேரா போலீஸ். நீயே சொல்ற. இல்லேன்னா நான் சொல்வேன்."

"சரிக்கா," என்றான் தம்பி. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நிற்கும்போது சொல்கிற அதே 'சரிக்கா'. இப்போதும் அவள் அவனை நம்பினாள். இன்றைக்கு அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

படிகள் சில்லென்று இருந்தன. பத்துப் படி இறங்குவதற்குள் வெளியே வெயில் அடிக்கிறது என்பதே மறந்துபோனது. மேலே குருவி கத்திக்கொண்டிருந்தது.

கயிறு தளர்ந்தது.

முதுகில் உரசிக்கொண்டு, பாம்பு நழுவுவதைப் போல, முழுக் கயிறும் அவளைத் தாண்டிக் கீழே விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். வட்டமாகத் தெரிந்த வானத்தில் அவன் தலை.

"மன்னிச்சிடுக்கா."

"தம்பி... டேய்... வேணாம்டா!"

இரும்பு மூடி கரகரவென்று வந்து வானத்தை மூடியது. அவன் ஒருவனால் தள்ளவே முடியாத மூடி. பயம் அவனுக்கு அந்தப் பலத்தைக் கொடுத்தது போலும். மரை திருகும் ஓசை கேட்டது. ஓட்டையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். பிறகு குருவியின் சத்தம் நின்றது.

அணைத்துவிட்டான்.

அவள் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றாள். அலறினாலும் ஆலைக்கு வெளியே யாருக்கும் கேட்காது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவன், அவளையும் கிணற்றில் போட்டு மூடிவிட்டான். அழுகை வந்தது. அழுகைக்கு நடுவில் அந்த ஓசை கேட்டது.

கீழே ஒரு படி முனகியது.

யாரோ மேலே வந்துகொண்டிருந்தார்கள்.

நிதானமாக. ஒவ்வொரு படியாக. படிக்குப் படி, தண்ணீர் சொட்டும் ஓசை.

அவள் கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டாள். குளிர் முதலில் காலுக்கு வந்தது, பிறகு முதுகுக்கு. சோப்பு நாற்றம் போய், சேற்று வாடை மட்டும். அது அவள் மேல் கவிந்து, அவளைத் தாண்டி ஏறியது. தலைமுடியில் தண்ணீர் சொட்டியது. படியைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. எலும்பு தெரிந்தது அதில். அது அவள் கையை ஒரு தரம் அழுத்தியது. கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று சொல்கிற அழுத்தம்.

"என்னங்க," என்று கூப்பிட நினைத்தாள்.

அது போய்விட்டது.

மேலே மூடி பெயர்ந்து எங்கோ போய் விழுந்தது. வேனின் ஹாரன் நீளமாக அலறியது. அதையும் மீறித் தம்பி அலறினான். அக்கா என்றுதான் அலறினான்.

ஹாரன் நின்றது.

திரும்பி வந்தபோது அது சுமையோடு வந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவளைக் கடந்து போகையில் சூடான மூச்சு ஒன்று கழுத்தில் பட்டது. துணி முதுகில் உரசியது. இன்னொரு கை, உயிருள்ள கை, அவள் தோளைப் பிடிக்கப் பார்த்தது. பிடி கிடைக்கவில்லை. படிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டே கீழே போயின. கடைசியில் ஒன்றும் கேட்கவில்லை.

எப்படி மேலே வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிணற்றடியிலிருந்து வேன் வரை ஈரக் காலடிகள் போயிருந்தன. வேனின் கதவு திறந்து கிடந்தது. அங்கிருந்து கிணறு வரை புழுதியில் எதையோ இழுத்து வந்த அகலமான தடம். நடுவில் அவனுடைய ஒற்றைச் செருப்பு. வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

குருவியை எடுத்து, குமிழைத் திருகி, குண்டை இறக்கினாள். எட்டு மீட்டரில் கத்தவில்லை. இருபதில் கத்தவில்லை. நாடா போய்க்கொண்டே இருந்தது. ஏறி வந்ததெல்லாம் இறங்கிப் போய்விட்டது. உருளையில் கடைசிச் சுற்றுதான் மிச்சம் என்கிறபோது குண்டு தரை தட்டியது.

கீச்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவசர அவசரமாக,

கீச். கீச். கீச்.

கீழே அந்தச் சைகை தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவருக்கு இனி மேலே வரத் தேவையில்லை.

அவள் போனை எடுத்தாள். ஆலைக் கிணறு வறண்டுவிட்டது, மூடலாம் என்று தட்டச்சு செய்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். சரி, காலையில் ஆட்கள் வருவார்கள் என்று உடனே பதில் வந்தது.

கீச். கீச். கீச்.

குமிழைத் திருகினாள். உருளையில் எரிந்த சின்ன விளக்கு அணைந்தது. சத்தம் நிற்கவில்லை.

பெயர்ந்து கிடந்த மூடியின் மேல் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நனைந்த தலைமுடி காய்ந்தது, உடை காய்ந்தது. அவர் அழுத்திய புறங்கை மட்டும் காயவே இல்லை. சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு நேரம் இருந்தது.