ஆஜராகவில்லை

தாவீதுராஜ் திருச்சுழி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பதினொன்று. வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே பழைய தாலுகா ஆபீஸ், பத்து வருஷம் அவன் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய இடம். மாசி மாதம் ஆபீஸை அருப்புக்கோட்டைக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஃபேன், காபிக் கடை, சினிமாக் கொட்டகை எல்லாம் கூப்பிடு தூரம் என்று எல்லோருக்கும் வாயெல்லாம் பல். இங்கே இப்போது பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி. விட்டுப்போன மர பீரோவைப் பார்த்துவரும்படி அவனை அனுப்பியிருந்தார்கள்.

காவல்காரர் கோட்டைச்சாமி சாவியை நீட்டினார். கதவுப் பக்கம் வரவில்லை.

"நீங்களே போயிட்டு வாங்க சார். உள்ள யாரு பேரையும் சொல்லிக் கூப்பிட்டுறாதீக."

"ஏன்?"

"லோடு எறக்கயில ஒருத்தன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, வேற ஆளு 'இந்தா வாரேன்யா'ங்குது. பொம்பளக் கொரலு."

தாவீதுராஜ் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. யார் குரல் என்று அவனுக்குத் தெரியும்.

நரிக்குடிப் பக்கத்துப் பொன்னுத்தாய். புருஷன் செத்ததும் நிலத்தைக் கொழுந்தன் தன் பேருக்கு மாற்றக் கிளம்பினான். அதை ஆட்சேபித்து அவள் மனு கொடுத்திருந்தாள். ஆபீஸ் காலி செய்த அன்றும் வந்து நின்றாள். லாரியில் ஃபைல் கட்டு ஏற்றும் அவசரத்தில் அவள் புலம்பலைக் கேட்க இவனுக்குப் பொறுமையில்லை. "அந்த பெஞ்சில உக்காரும்மா, கூப்பிடுறேன்" என்றான். உட்கார்ந்தாள். இவன் லாரியில் ஏறிப் போய்விட்டான்.

அதோடு விட்டிருந்தாலும் தேவலை. விசாரணை நாளில் டவாலி வாசலில் நின்று மனு கொடுத்தவர் பேரை மூன்று தடவை கூப்பிடுவது வழக்கம். பதில் இல்லையென்றால் மனு தள்ளுபடி. புது ஆபீஸ் மாடிப்படியில் நின்று டவாலி மொக்கையன் தொண்டை கிழியக் கூப்பிட்டான். இடம் மாறியதை அவளுக்கு எழுதிப்போட வேண்டியவன் தாவீதுராஜ். போடவில்லை. பத்து மைலுக்கு அந்தப் பக்கம் அவள் பெஞ்சில் காத்திருப்பாள் என்று தெரிந்தே, "நோட்டீஸ் அனுப்பியும் ஆஜராகவில்லை" என்று எழுதினான். அந்த வரியை எழுதும்போது காது மடல் சுட்டது. ஆனாலும் எழுதினான்.

நிலம் கொழுந்தனுக்குப் போயிற்று. அது தெரியாமல், ஆபீஸ் போய்விட்டது என்று யார் சொன்னாலும் "கூப்பிடுறேன்னு ஐயா சொல்லியிருக்காக" என்று அவள் தினமும் நடந்து வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். சித்திரையில் ஒருநாள் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது.

உள்ளே பருத்தியும் கொட்டை எண்ணெயும் கலந்த நெடி. மூட்டைகளின் இடுக்கில் வெளிச்சம் நுழையவில்லை. பீரோவைத் தேடி நடந்தவன் எதிரே அந்த பெஞ்சைப் பார்த்தான். எல்லாவற்றின் மேலும் பஞ்சுத்தூசு படிந்திருந்தது. பெஞ்சில் ஒருவர் உட்காரும் அகலத்துக்கு மட்டும் இல்லை.

அவனையறியாமல் உதடு அசைந்தது.

"பொன்னுத்தாயி..."

பெஞ்சு முனகியது.

பின்கழுத்துக்கு மிக அருகில், வெக்கையான மூச்சு.

"கூப்பிட்டீகளாய்யா?"

அவன் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பத்து வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"உக்காரும்மா... கூப்பிடுறேன்."

சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பீரோவை மறந்து ஓடினான்.

மறுநாள் புது ஆபீஸில் அவனைத் தேடிப் பொன்னுத்தாயின் மகள் சோலை வந்தாள். "நோட்டீஸு வரலன்னு நீங்க ஒத்த வரி எழுதிக் குடுத்தா மறுபடி விசாரிப்பாகளாம். கடைசித் தேதி நாளைக்கு சார். அந்தக் காட்டு நெலம் இல்லாட்டி எங்களுக்கு வேற கதியில்ல."

ஒற்றை வரிதான். எழுதினால் இவன் பொய் வெளியே வரும், வேலைக்கே ஆபத்து. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தான். ச்சீ என்றிருந்தது.

மத்தியானம் ஃபைலை எடுத்துப் பிரித்தான். "ஆஜராகவில்லை" என்ற எழுத்தின் மேலேயே ஒரு கைநாட்டு.

தொட்டுப் பார்த்தான். மை ஈரமாக விரலில் ஒட்டியது.

வாசலில் மொக்கையன் வேறு யாருடைய பேரையோ கூப்பிட்டான். மாடிப்படியிலிருந்து ஒரு பெண்குரல் பதில் சொன்னது.

"இந்தா வாரேன்யா."

யாரும் வரவில்லை. கரிசல் மண் அப்பிய பாதத் தடங்கள் மட்டும் சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றாக விழுந்தன. அவன் மேசைக்கு எதிரே இருந்த புது பெஞ்சு வரை வந்து நின்றன.

தாவீதுராஜ் பேனாவைத் திறந்தான். வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கண்முன் வந்து நின்றன. பேனாவை மூடினான். ஃபைலை டிராயருக்குள் தள்ளி, குனிந்த தலை நிமிராமல் முணுமுணுத்தான்.

"நாளைக்குப் பாக்குறேம்மா."

பெஞ்சு முனகியது, யாரோ உட்கார்ந்த மாதிரி.

"சரிங்கய்யா. நான் இங்கனதான் இருக்கேன்."