நீல விளக்கு அணையவில்லை!

செத்தவனின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது!

சபரிநாதன் துள்ளி விழுந்தான்.

சங்ககிரி பைபாஸை ஒட்டிய கல்யாண மண்டபம். பின்பக்கம் ஜெனரேட்டர் ரூம். தரையில் மல்லாந்து கிடந்தான் கௌசிக். இருபத்தேழு வயது. கல்யாண வீடுகளில் டிஜே போடுகிறவன். கழுத்தில் மைக் ஒயர் மூன்று சுற்று...

செல்போன் திரையில் 'அம்மா' என்று வந்தது.

காலை ஏழே முக்கால். மகன் டிபன் சாப்பிட்டானா என்று கேட்கக் கூப்பிட்டிருப்பாள். இல்லை தாயே... இனியும் சாப்பிடமாட்டான்.

சபரிநாதன் போனை அணைத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டான். மல்லசமுத்திரத்துக்காரன். ஆறு ரிக் லாரி வைத்து ஊர் ஊராக போர்வெல் போடுகிறவன். இன்று மாப்பிள்ளை! பத்து மணிக்குத் தாலி கட்டப்போகிற கை இப்போதுதான் ஒரு கழுத்தை நெரித்து முடித்திருந்தது. அலறல் வெளியே கேட்காமலிருக்க ஜெனரேட்டரை ஓடவிட்டான். மூச்சு நின்றதும் அணைத்துவிட்டான். டீசலை வீணாக்குகிற ஆள் இல்லை.

பட்டு வேட்டியில் ஒரு சொட்டு ரத்தமில்லை. ஒயரால் நெரித்தால் அது ஒரு வசதி!

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"அண்ணா... நாந்தான்."

தனப்பிரியா. சபரியின் ஒரே தங்கை. திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள். உள்ளே வந்தாள். பிணத்தை ஒரு விநாடி பார்த்தாள். அப்புறம் இன்னொரு விநாடியும் பார்த்தாள்.

"முடிஞ்சுதாண்ணா?"

"முடிச்சிட்டேன். கடசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லடி. 'எந்த வீடியோங்கண்ணா... எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கண்ணா'ன்னு காலப் புடிச்சு அழுவறான்."

"அழுவான்... நடிப்புக்காரன்!"

"நீ அந்த வீடியோவ உன்ற கண்ணால பாத்தீல்ல?"

"எத்தன வாட்டிண்ணா கேப்பே? அண்ணியும் அவனும்... சொல்றதுக்கே வாய் கூசுது. நீ தாலி கட்டற நேரத்துல பெரிய ஸ்கிரீன்ல போட்டு உன்னய அசிங்கப்படுத்தறதுக்குத்தான் இங்க வாசிக்கவே வந்தான்."

சபரிநாதனின் தாடை இறுகியது. நேற்று சாயங்காலம் தங்கை காதில் ஓதியதிலிருந்து அது இறுகியேதான் இருக்கிறது. மேச்சேரிப் பெண் சண்முகப்பிரியாவை அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அவளைப் பற்றி ஊர் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது. அதற்காக ஓர் உயிர் போனால் போகட்டும்!

"அந்த டேப்லெட் எங்கடி? அதுலதான் இருக்குதுன்னு சொன்னே. இவங்கிட்ட போன் மட்டுந்தான் இருக்குது."

"மேடை பக்கத்துல அவன் மேசைல இல்லியா?"

"இல்ல! வாசிக்கற பொட்டி மட்டுந்தான் கெடக்குது."

தனப்பிரியா உதட்டைக் கடித்தாள்.

"அப்ப எவங்கிட்டயோ குடுத்து வெச்சிருக்கான்ணா. இவனோட கூட்டாளி எவனோ மண்டபத்துக்குள்ளயே இருக்கான்!"

ஒருத்தனைக் கொன்றாகிவிட்டது. ஆனால் வீடியோ உயிரோடு இருக்கிறது! பத்து மணிக்குள் அந்த டேப்லெட் சபரிநாதன் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால், நானூறு பேர் பார்க்க ஸ்கிரீனில் ஓடும்.

பிணத்தின் மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துப் போட்டான். கதவைச் சாத்தினான். நெற்றியில் கலைந்திருந்த சந்தனத்தைத் தங்கையே சரிசெய்துவிட்டாள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அப்பா சின்னண்ணன் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, டிஜேக்காரப் பையன் எங்க போனான்? தாலி கட்டுன ஒடனே பாட்டு வேணும்னு சம்பந்தியூட்டுக்காரங்க கேக்கறாங்க."

"சேலத்துக்கு ஏதோ ஒயர் வாங்கறதுக்குப் போயிட்டானுங்கப்பா."

"இந்நேரத்துலயா? வெளங்குச்சு போ! நம்ம பாய வாசிக்கச் சொல்லிருக்கேன். அவருக்கும் என்னமோ சேர மாட்டேங்குதாம். நீ போயி என்னன்னு பாரு."

கரீம் பாஷா. சேலம் கோட்டைப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாக சவுண்ட் சர்வீஸ். மண்டபத்து ஸ்பீக்கரும் ஸ்கிரீனும் அவருடையவை. மேடையின் இடது ஓரத்தில், கௌசிக்கின் மேசை முன்னால் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

மேசைமேல் கௌசிக்கின் கன்ட்ரோலர். பதினாறு பட்டன்கள் வைத்த கறுப்புப் பெட்டி. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சத்தம். ஆனால் பெட்டிக்குள் பாட்டு கிடையாது. பட்டனை அமுக்கினால் டேப்லெட்தான் பாடும்.

"என்னங்க பாய் பிரச்சின?"

"என் டேப்லெட்லயும் அந்தப் பையன் வெச்சிருக்கற அதே ஆப் இருக்கு தம்பி. இந்தப் பொட்டிய அதோட சேத்துட்டா நானே வாசிச்சிருவேன். சேர மாட்டேன்னு அடம் புடிக்குது."

"ஒயரப் போட்டுப் பாருங்க."

"ஒயர் சொருகற எடமே ஒடஞ்சு கெடக்கு. அதனாலதான் அவனும் ப்ளூடூத்துல ஓட்டிருக்கான். நான் என்னென்னவோ பண்ணிட்டேன். ப்ளூடூத்த அணைச்சுப் போட்டேன். டேப்லெட்டயே ஆஃப் பண்ணிப் போட்டேன். லொக்கேஷன் ஆன்ல இல்லேன்னா சிலது காட்டாது... அதையும் போட்டாச்சு. ஆப்ப அழிச்சுட்டு மறுபடி ஏத்தியாச்சு. லிஸ்ட்ல இது பேரே வரல!"

"பொட்டி கெட்டுப்போயிருக்கும். உட்ருங்க."

"கெட்டுப்போனதா? இங்க பாருங்க..."

கரீம் பாஷா கன்ட்ரோலரின் சுவிட்சை அணைத்தார். மறுபடி போட்டார்.

ஓரத்தில் ஒரு நீல விளக்கு சிமிட்டியது. ஒரு தடவை... இரண்டு தடவை... மூன்று...

பிறகு சிமிட்டாமல் நின்று எரிந்தது!

"பாத்தீங்களா? சிமிட்டுனா தேடுதுன்னு அர்த்தம். நின்னு எரிஞ்சா எதையோ புடிச்சிருச்சுன்னு அர்த்தம். ஆனா என் டேப்லெட்ட அது புடிக்கலயே!"

"பின்ன எதப் புடிச்சுதாம்?"

"அந்தப் பையனோட டேப்லெட்டத்தான். இது ஒரே நேரத்துல ரெண்டு பேருகிட்ட பேசாது. அவன் டேப்லெட் அணையாம இங்கதான் எங்கயோ இருக்கு. அது உட்டாத்தான் நமக்கு வரும்."

சபரிநாதன் மேடையைச் சுற்றிலும் பார்த்தான்.

"இங்கன்னா... எவ்வளவு தூரத்துலங்க?"

"மிஞ்சிப்போனா முப்பது அடி. இந்தக் கூட்டத்துல அதுகூடத் தாங்காது. மேடையச் சுத்தித்தான் எங்கயோ இருக்கணும்." கரீம் பாஷா தலையைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு எனக்குப் புரியல தம்பி. ஒயர் வாங்கப் போனவன் டேப்லெட்ட எதுக்கு ஒளிச்சு வெச்சுட்டுப் போறான்?"

"அத உடுங்க பாய்! எங்க இருக்குதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"பட்டன அமுக்குனா அந்த டேப்லெட்ல சத்தம் வரும். இந்த மேளத்துல எங்க கேக்குது?"

மேடையிலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ள வாங்க சாமி! இணைச்சீருக்கு நேரமாச்சுங்க!"

அருமைக்காரர் செல்லமுத்து. கொங்குக் கல்யாணத்தில் சீர்களை நடத்தி வைக்கிற பெரியவர்.

சபரிநாதன் கரீம் பாஷாவின் காதருகே குனிந்தான். "நான் மேளத்த நிறுத்தச் சொல்றேன். கையக் காட்டுனதும் அமுக்குங்க. எங்க சத்தம் வருதுன்னு நான் மேல இருந்து பாக்கறேன்."

கொலைகாரன் தானே வலை விரித்தான். எவனோ ஒரு கூட்டாளி சிக்குவான் என்று!

மேடையில் சபரிநாதன் உட்கார்ந்தான். பக்கத்தில் தங்கை தனப்பிரியா. கூறைப்புடவையைக் கொசுவி, ஒரு முனையை அண்ணனின் கக்கத்தில் வைத்தார் அருமைக்காரர். மறுமுனை தங்கை கையில். கூடப்பிறந்தவளுக்கு அண்ணன் செய்கிற மரியாதை. கல்யாணம் ஆனாலும் உன்னை மறக்கமாட்டேன் என்று ஊரறியச் சொல்கிற சீர். தனப்பிரியாவின் மடியில் மூடி போட்ட மூங்கில் கூடை. சீர் முடிகிறவரை அவளைத் தவிர யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

சபரிநாதன் கையைத் தூக்கினான்.

"மேளத்த நிறுத்துங்க!"

செல்லமுத்து பதறினார். "ஐயோ சாமி, சீருக்கு நடுவால மேளம் நிக்கப்படாதுங்க!"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

மேளம் நின்றது. நானூறு பேரும் மேடையைப் பார்த்தார்கள். மண்டபத்தில் சத்தமே இல்லை...

தனப்பிரியாவின் முகம் வெளுத்தது. "அண்ணா... என்ன பண்றே?"

"சும்மா இரு. டேப்லெட் சிக்கப்போவுது!"

கரீம் பாஷா முதல் பட்டனை அமுக்கினார்.

'டும்!'

சபரிநாதன் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. இல்லை... அவனுக்குப் பக்கத்தில் பார்த்தது!

இரண்டாவது பட்டன்.

பலத்த கைதட்டல்! நூறு பேர் சேர்ந்து தட்டுவது போன்ற பதிவுச் சத்தம். தனப்பிரியாவின் மடியிலிருந்து... மூங்கில் கூடைக்குள்ளிருந்து வந்தது!

முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது.

"தனா..." சபரிநாதனின் நாக்கு குழறியது. "கூடயத் தொற."

"சீரு முடியட்டும்ண்ணா. நடுவால தொறக்கப்படாது..."

அவன் மூடியைப் பிடுங்கினான். தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் கீழே டேப்லெட். டேப்லெட் உறையைச் சாத்திவிட்டால் அணைந்துவிடும் என்று நினைத்துவிட்டாள், பாவம். மேடையில் வாசிக்கிறவன் டேப்லெட் அவ்வளவு சீக்கிரம் தூங்காது. பூட்டும் கிடையாது. திறந்ததும் திரை பளிச்சென்று எரிந்தது.

வீடியோ இல்லை. மெசேஜ்கள்தான். அழிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருந்தாள்.

'அண்ணன் கல்யாணத்துக்கு நீதான் வாசிக்கணும். அதுக்கப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ணமாட்டேன்.' அனுப்பியவள்: தனா.

கீழே கௌசிக்கின் பதில். 'சரி தனா. போட்டோ எல்லாம் அழிச்சிட்டேன். நீ உன் குடும்பத்தோட நல்லா இரு. அடுத்த மாசம் எனக்கும் கல்யாணம்.'

சபரிநாதன் இரண்டு தடவை படித்தான்.

"அப்ப... சண்முகப்பிரியா?"

தனப்பிரியா குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கு அவன் யாருன்னே தெரியாதுண்ணா."

"பின்ன ஏண்டி பொய் சொன்னே?"

"ரெண்டு வருசம் என்னோட பழகிட்டு எவளோ ஒருத்தி கழுத்துல தாலி கட்டுவான். நான் பாத்துட்டு இருக்கோணுமா?"

"அதுக்கு... என்னையவா?"

"நீ கோவக்காரன். சொன்னா யோசிக்கமாட்டே. அதான் உங்கிட்டச் சொன்னேன். டேப்லெட்டக் குடுத்தா நீ தொறந்து பாப்பே. மண்டபத்துல எங்க திரும்புனாலும் சொந்தக்காரங்க. இந்தக் கூடய மட்டுந்தான் ஒருத்தரும் தொடமாட்டாங்க..." அவள் சிரித்த முகத்தோடு கூட்டத்தைப் பார்த்தபடியே பேசினாள். "எந்திரிக்காதண்ணா. எல்லாரும் பாக்கறாங்க."

சபரிநாதனுக்கு அழுகை வரவில்லை. காலைப் பிடித்துக் கெஞ்சிய கௌசிக்கின் முகம் வந்தது. எந்த வீடியோங்கண்ணா... அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்! கக்கத்திலிருந்த கூறைப்புடவை நழுவித் தரையில் விழுந்தது.

அவன் கையிலிருந்த டேப்லெட்டை யாரோ பறித்தார்கள். கரீம் பாஷா! மேடையேறி வந்து பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"தம்பி... அந்தப் பையன் எங்க?"

"பாய், அதக் குடுத்துருங்க. உங்க காலுல வேணும்னாலும் உழுவறேன்..."

"பையன் எங்கன்னு கேட்டேன்!"

பதில் பின்பக்கத்திலிருந்து வந்தது. பாத்திரம் கழுவுகிற பழனியம்மாள், வாழையிலைக் கட்டை மூடத் தார்ப்பாய் தேடி ஜெனரேட்டர் ரூமுக்குள் போயிருந்தாள்.

"ஐயய்யோ...! பொணம்! பொணம்...!"

போலீஸ் வர இருபது நிமிடம் ஆனது. இன்ஸ்பெக்டர் வேலுமணி ரூமைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். மாப்பிள்ளையின் இடுப்பிலிருந்து கௌசிக்கின் போனை உருவினார். ஆன் செய்ததும், அம்மாவிடமிருந்து பதினான்கு தவறிய அழைப்புகள் என்று மெசேஜ் வந்து விழுந்தது.

மணப்பெண் சண்முகப்பிரியா மேடைக்கு வந்தாள். கூறைகூட உடுத்தியாகவில்லை. கரீம் பாஷாவிடம் கேட்டாள்.

"ஏனுங்க... கௌசிக்னா யாருங்க?"

கேட்டது சபரிநாதனின் காதில் விழுந்தது. தலையில் ரிக் லாரி ஏறியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலையில் வைத்திருந்த பூவை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு, தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

சின்னண்ணன் மேடையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரே நாளில் மகனும் போய், மகளும் போனால் மனிதன் என்ன செய்வான்? நடந்தது இன்னும் முழுசாக விளங்காத அருமைக்காரர் செல்லமுத்து மட்டும் கூறைப்புடவையைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஏனுங்க சார்... இணைச்சீரு பாதில நிக்குதுங்க. அரகொறயா எந்திரிச்சா ஆகாதுங்க..."

இன்ஸ்பெக்டர் வேலுமணி விலங்கை எடுத்தார். ஒரு வளையத்தை அண்ணனுக்கும் மறுவளையத்தைத் தங்கைக்கும் மாட்டினார்.

"கவலப்படாதீங்க பெரியவரே! மீதிய ஸ்டேஷன்ல வெச்சு முடிச்சிரலாம். பத்து வெரலுக்கும் மை தடவற சீரு... அதுக்கு மேளமும் வேண்டாம், டிஜேவும் வேண்டாம்!"