அறுபத்தைந்தாவது பக்கம்

அறுபத்து நான்கு பக்கம் இருக்க வேண்டிய ரிப்போர்ட்டில் அறுபத்தைந்து பக்கம் இருந்தது.

தனப்பிரியா இன்னொரு முறை எண்ணினாள். சூரமங்கலத்தில் அவள் வேலை பார்க்கும் ஆபீஸ், தண்ணீர் வற்றிப்போன போர்வெல்களுக்குள் கேமரா இறக்கிப் பார்த்துச் சொல்லும் ஆபீஸ். முதலாளி மோகன்குமார் விவசாயிகளின் தோட்டங்காட்டுக்குப் போய்க் கேமராவை இறக்குவார். பத்தடிக்கு ஒரு படம் வரும். அவற்றை வரிசைப்படுத்தி, படத்துக்குக் கீழே ஆழத்தைப் போட்டு, பி.டி.எஃப் ஆக்கி, பாஸ்வேர்டு வைத்து அனுப்புவது இவள் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கம் காளியப்பன் என்பவரின் போர் அறுநூற்று நாற்பது அடி. அறுபத்து நான்கு படம்தான் வந்திருந்தது. அவள்தான் அடுக்கினாள்.

காளியப்பன் காலையில் நேரில் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். நாற்காலியில் உட்காரவே இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பவும் இல்லை.

"போர மூடறதுக்குப் பஞ்சாயத்துல ரிப்போர்ட் கேக்கறாங்க, அதுக்காவத்தான் இது. படத்த ஆரும் பாக்காத மாதிரி நல்லா பூட்டுப் போட்டுருங்க சாமி. நானும் பாக்க மாட்டனுங்க."

"நீங்க பாக்காம எப்படிங்க?"

"போருக்குள்ள நான் பாத்த வரைக்கும் போதுங்க."

வயசானவர்களுக்கு ஆயிரம் பயம் என்று தனப்பிரியா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். பூட்டுப் போடுவதில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கோப்புக்குக் கோப்பு புதுப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். பத்து நாள் அப்படிச் செய்தாள். பிறகு மூன்று வருடமாக எல்லாக் கோப்புக்கும் ஒரே பாஸ்வேர்டுதான்: மகள் மைதிலி பிறந்த தேதி. அது மட்டும் அவளுக்கு மறக்கவே மறக்காது.

கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். படம் முழுக்கக் கறுப்பு. நட்டநடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. கீழே, 640 அடி. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அது போரின் வாய். அடியில் கிடந்து அண்ணாந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

மோகன்குமாருக்குப் போன் போட்டாள்.

"நம்ம கேமரா கீழ மட்டுந்தானுங்க பாக்கும்," என்றார் அவர். "வேற எதோ படம் கலந்திருக்கும். எடுத்துப்போட்டு அனுப்பியுடுங்க."

எடுத்துப்போட்டாள். மறுபடி பி.டி.எஃப் ஆக்கினாள், பூட்டினாள், சரிபார்க்கத் திறந்தாள். அறுபத்தைந்து பக்கம். வெள்ளைப் புள்ளி இப்போது மிளகளவு இருந்தது. கீழே, 520 அடி.

மத்தியானம் மூன்றரை மணி. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, கீழே டவுன்பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஜங்ஷன் பக்கம் திரும்பியது, எதிர் டீக்கடையில் யாரோ உரக்கச் சிரித்தார்கள், ஆனால் இந்த அறைக்குள் மட்டும் எங்கிருந்தோ ஒரு வாடை வந்தது, போர் போடுகையில் ஆழத்துக் கல்லை அரைத்து மேலே தள்ளும்போது வரும் அந்த ஈரச் சேற்று வாடை. யு.பி.எஸ். இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தமும் கேட்டது போலிருந்தது. நகத்தால் குழாயைச் சுரண்டுகிற சத்தம். காதைத் தீட்டிக்கொண்டாள். நின்றுவிட்டது.

மூன்றாம் முறை திறக்கக் கூடாது என்று மனசு சொன்னது. கை கேட்கவில்லை.

380 அடி. வெளிச்சம் ஒரு ரூபாய்க் காசளவு. படத்தின் ஓரத்தில், பாறைச் சுவரில், நீளநீளமாய் ஐந்து கீறல்.

தனப்பிரியா மூன்று எண்களையும் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள்: 640, 520, 380. திறக்கத் திறக்க அது மேலே ஏறி வருகிறது. அப்படியானால் திறக்காமல் இருந்தால் போதும். கோப்பை மூடினாள். பாஸ்வேர்டை மாற்றினாள், தன்னாலேயே நினைவில் வைக்க முடியாத இருபது எழுத்து. பிரிண்ட் எடுக்கத் தடை, நகலெடுக்கத் தடை. இருந்த தடையெல்லாம் போட்டாள். இனி யாராலும் திறக்க முடியாது. பெருமூச்சு விட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தாள். கோப்புகள் எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் சேரும். யார் எப்போது திறந்தார்கள் என்று ஓரத்தில் காட்டும். காளியப்பனின் ரிப்போர்ட்டுக்கு நேரே இருந்தது: பழைய பிரதி பதிவிறக்கப்பட்டது, 3.41. திறந்தவர்: தனப்பிரியா.

அவள் பதிவிறக்கவில்லை.

அவளுடைய அதே இணையக் கணக்கு இன்னொரு இடத்திலும் திறந்திருந்தது. ஆட்டையாம்பட்டி வீட்டில். மைதிலி வீட்டுப்பாடம் செய்யும் டேப்லெட்டில். பள்ளிக்கூடம் இன்று அரை நாள். பிள்ளை தனியாக இருக்கிறாள். இறக்கிய பிரதிக்குப் பழைய பாஸ்வேர்டே போதும். தன் பிறந்த நாள் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

போன் நாலு தடவை அடித்தது.

"அம்மா?"

"கண்ணு, டேப்லெட்ல என்ன பாத்துட்டு இருக்கற?"

"கெணத்துப் படம். என்ற பர்த்டே போட்டேன், தொறந்துக்கிச்சு. மூடி மூடித் தொறந்தா வெளிச்சம் பெருசாவுதும்மா. ஜாலியா இருக்குது."

"எத்தன தடவ தொறந்த?"

"நெறைய."

"இப்ப அதுல எவ்வளவு அடி போட்டிருக்குது?"

"சைபர்."

தனப்பிரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆட்டையாம்பட்டிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம்.

"இப்பக் கெணறே இல்லம்மா. ஒரு ரூம் தெரியுது. நம்மூட்டு ஃபேன் மாதிரியே இருக்குது. ஒரு பாப்பா உக்காந்திருக்குது, முதுகுதான் தெரியுது. என்ற மாதிரியே ரெட்டை ஜடை."

போனில், மகளின் குரலுக்குப் பின்னால், சொட்டு. இன்னொரு சொட்டு. சிமெண்ட் தரையில். பிறகு நகம் உரசும் சத்தம்.

"மைதிலி. அம்மா சொல்றதக் கேளு சாமி. எந்திரிச்சு நேரா வாசலுக்கு ஓடு. பின்னால திரும்பாத."

"ஏம்மா?"

"திரும்பாத."

"என்னமோ நாத்தமடிக்குதும்மா…"

போன் அமைதியாகிவிட்டது. துண்டிக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு மூச்சு.

தனப்பிரியா கோப்பைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் பட்டியலில், கோப்பின் பெயருக்குப் பக்கத்தில், கடைசிப் பக்கத்தின் சின்னப் படம் தானாக மாறியது. கட்டைவிரல் அளவுதான். கீழே ஆழம் எதுவும் போட்டிருக்கவில்லை.

ஃபேன். சுவர். டேப்லெட் தரையில் கிடந்தது.

ரெட்டை ஜடை தெரியவில்லை. மைதிலி திரும்பியிருந்தாள். வெகு பக்கத்திலிருந்து, அண்ணாந்து, தன்னைப் படமெடுத்துக்கொண்டிருந்த அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.