பூக்குடலையில் வந்த இருள்

கீழ்த்திசை நாணற்காடுகளுக்கு மேலாக ஆடித் திங்களின் நிறைமதி எழும்பி, கரைபுரண்டு ஓடிய கொள்ளிடத்துச் செந்நீரின் மீது வெள்ளியை உருக்கி ஊற்றியது போல் ஒளியைப் பரப்பிக்கொண்டிருந்த அந்த முன்னிரவில், தென்கரையின் மருதவரம்புக் கோட்டை மட்டும் அந்த ஒளியை வாங்க மறுத்தது போலக் கறுத்துக் கிடந்தது. கோட்டை மதிலில் தீவட்டி இல்லை, முரசு இல்லை, குதிரை கனைத்தால்கூட யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். ஆற்றை நோக்கிய மேன்மாடத்து அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து இரவு நேரங்களில் ஏதோ 'பொத்'தென்று விழும் ஓசையும், தரையில் பட்டுத்துணி இழுபடுவது போன்ற சரசரப்பும் கேட்பதாகக் காவலர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

பயப்பட வேண்டாம், என் கண்மணிகளே! அந்த அறைக்குள் நாமும் போகத்தான் வேண்டும். ஆனால் நான் கூடவே வருகிறேன்.

அந்த அறையில்தான் மூன்று நாட்களுக்கு முன், கோட்டையின் இளம் தலைவன் வேள் ஆதன் உறக்கத்திலேயே மாண்டு கிடந்தான். வடகரைப் பகைவனை வெல்லும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று சபதம் பூண்டு தரையில் பாய் விரித்துப் படுத்தவன் அவன். உடல் நீலம் பாரித்திருந்தது கண்டு அரண்மனை மருத்துவர், "மதிலோரப் புற்றிலுள்ள நல்லபாம்பு சாளரத்தில் ஏறி வந்து தீண்டியிருக்கிறது" என்றார். நல்லபாம்பு தீண்டினால் நெருப்பால் சுட்டது போல் எரியும். எவனும் அலறித் துடிப்பான். அப்படியானால் வாயிலில் நின்ற காவலன் ஏன் கேட்கவில்லை? உறங்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள் கோட்டையார்!

அந்தக் காவலன் ஆற்றூர்க் கண்டன். வேளைக்காரப் படையைச் சேர்ந்தவன். வேளைக்காரர் என்போர், தம் காவல் வேளையில் தலைவனுக்கு உயிர் போனால் தம் உயிரையும் கொடுப்பதாகச் சத்தியம் செய்துகொண்டவர்கள். தலைவனோ தலைவன் குடும்பத்தாரோ சொன்ன சொல்லுக்கு 'இல்லை' என்று மறுமொழி கூறுவதும் அவர்களுக்கு விலக்கு. பொழுது விடிந்ததும் கொற்றவை கோயில் முன்றிலில் கண்டன் தன் தலையைத் தானே அரிந்து வைக்க வேண்டும். அவனைச் சிறையில் இடவில்லை. வேளைக்காரன் ஓடமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆதனின் தங்கை பூதி நங்கைக்கு இன்னொன்றும் தெரியும்: அவன் காவலில் உறங்கவும் மாட்டான். கண்டனுடன் அவள் பேசிய சொற்களை விட, பேசாமல் கழித்த மாலைகள் அதிகம். தமையனைப் பறிகொடுத்த அவளுடைய நெஞ்சம் இவனையும் பறிகொடுக்க மறுத்தது. ஆகவே அன்று மாலை அவள் பறை அறைவித்தாள்: 'பூட்டிய அறையில் புகுந்து பாம்பைக் கண்டு சொல்லும் பிடாரன் எவனாயினும் வரலாம்.'

ஒருவன் வந்தான். எண்ணெய் காணாத தலை, தோளில் பிரம்புக் கூடை, இடுப்பில் சிறு கோல், இடக்கையைச் சுற்றி அழுக்குத் துணி.

"கையில் என்ன?" என்று கேட்டாள் நங்கை, மாடப்படியில் கைவிளக்கை உயர்த்தியபடி.

"பழைய கடி தாயே. பாம்புக்கும் எனக்கும் உள்ள உறவு. வேறொன்றுமில்லை."

பின்னால் நின்ற கண்டன் மெல்லச் சொன்னான்: "தேவி, இது வேண்டாத முயற்சி. எந்தப் பாம்பு என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது என்ன?"

"என்னுடன் வாருங்கள் என்றேன். வருவீர்களா, மாட்டீர்களா?"

கண்டன் தலைதாழ்த்தினான். பிடாரன் சிரித்துவிட்டான்.

"இவருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது போலிருக்கிறதே! என் பெண்டாட்டிக்கு இப்படி ஒருவர் கிடைக்காமல் போனாரே!"

பூட்டு திறந்தது. அடைபட்டிருந்த காற்று முகத்தில் மோதியது. அதில் அழுகிய மல்லிகையின் மணம் கனத்துக் கிடந்தது. ஆதன் படுத்த பாய் விரித்தபடியே இருந்தது. தலைப்பக்கம் ஓலைப் பூக்குடலை ஒன்று. அதன் மூடி சற்றே சாய்ந்திருந்தது.

"அன்று மாலை ஒரு பண்டாரம் கோயில் பூவென்று கொண்டுவந்தார்" என்றாள் நங்கை. "அண்ணாவுக்கு மல்லிகை என்றால் உயிர். நான்தான் வாங்கி அவர் தலைமாட்டில் வைத்தேன்."

பிடாரன் குடலையைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமலிருக்க அவன் பட்ட பாட்டை அப்போது யாரும் கவனிக்கவுமில்லை.

'பொத்!'

மூவரும் திடுக்கிட்டார்கள். உத்தரத்திலிருந்து ஒரு பல்லி தரையில் விழுந்து ஓடியது. விளக்கு மேலே உயர்ந்தது. அங்கே, சுவரும் தூணும் கூடும் மூலையில், கருமையான உடலில் வெண்பட்டைகளோடு ஒரு பாம்பு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

"கட்டுவிரியன்!" என்று கூவி வாளை உருவினான் கண்டன்.

"வாளை உறையில் போடுங்கள் ஐயா! பல்லி தின்னும் பிராணிக்கு இவ்வளவு நீள வாளா?" என்று சொல்லிக்கொண்டே பிடாரன் வலக்கையால் அதைச் சுவரிலிருந்து உரித்து எடுத்தான். அது அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. வாயைத் திறந்தவன், சொல்ல வந்ததை விழுங்கினான். பிறகு, "ஆம்... இதுவாகவும் இருக்கலாம். இதைக் கொண்டுபோகிறேன். விட்டுவிடுங்கள்" என்று வாயில் பக்கம் திரும்பினான்.

கண்டனின் முகத்தில் ஒரு விசித்திரமான அமைதி படர்ந்தது.

"பார்த்தீர்களா தேவி? பாம்பு ஏறி வந்திருக்கிறது, நான் காக்கவில்லை. இன்னும் ஒன்று உண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை. விடிந்தால் சொல்ல வாய் இராது." அவன் பாயைப் பார்த்தபடி பேசினான். "என் வேளை பின்னிரவில் தொடங்கியது. நான் உறங்கவில்லை. வந்து நின்ற சற்று நேரத்தில் உங்கள் தமையனார் வயிறு வலிப்பதாகச் சொன்னார். குரல் மூக்கால் வந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். பிறகு, 'கண்டா, விளக்கை அணைத்துவிட்டாயா?' என்று கேட்டார்."

"அணைத்திருந்தீர்களா?"

"தேவி, அது அவர் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது."

நங்கை கைவிளக்கை அறை மூலையில் இறக்கி வைத்தாள்.

"தலைவர் சொல்லுக்கு 'இல்லை' என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே 'ஆம் பெருமானே' என்றேன். அவர் சொல் பொய்யாகக் கூடாதென்று உள்ளே வந்து விளக்கை ஊதி அணைத்தேன். அந்த இருட்டில்தான் அவர் போனார். ஒரு முனகல்கூட இல்லை. மூன்று இரவுகளாக அந்தக் கேள்வி என் காதிலேயே நிற்கிறது."

அன்பு வாசகர்களே, கொலைக்கும் துணிந்த நெஞ்சில் எந்த இடம் மெல்லியது என்று யாரால் சொல்ல முடியும்? வாசலைத் தாண்ட ஓரடி எடுத்து வைத்த பிடாரன் அங்கேயே நின்றுவிட்டான். அவன் முகத்திலிருந்த கேலியெல்லாம் வடிந்துபோயிருந்தது.

"இல்லை" என்றான். "இது செய்யவில்லை."

"என்ன சொல்கிறாய்?"

"இங்கே பாருங்கள். இதன் பட்டை கழுத்திலேயே தொடங்குகிறது. வாலுக்குப் போகப் போக மங்கிவிடுகிறது. சுவரேறும், பல்லி பிடிக்கும், நஞ்சு கிடையாது. கட்டுவிரியனுக்குக் கழுத்தில் கோடு தெரியாது. நடு உடலில் இரண்டிரண்டாக மெல்லிய வெண்கோடுகள். வால் நெருங்க நெருங்கத் தெளிவு. பகலில் அதை மிதித்தாலும் சுருண்டு கிடக்கும். இரவில் தரையோடு தரையாக வந்து, தூங்குகிறவன் பக்கத்தில் அண்டும். கடித்தது எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாது. ஓரிரண்டு யாமம் கழித்து வயிறு வலிக்கும். நாக்குக் குழறும். கண் இமை தானாக விழும்." அவன் கண்டனை நேராகப் பார்த்தான். "விளக்கு அணையவில்லை ஐயா. அவர் இமை விழுந்துவிட்டது. நீங்கள் காவலுக்கு வருமுன்பே, முன்னிரவிலேயே, அவர் தீண்டப்பட்டுவிட்டார்."

கண்டன் சுவரைப் பற்றிக்கொண்டான். மூன்று இரவுகளாக அடைத்து நின்ற மூச்சு அவன் மார்பிலிருந்து ஒரு விம்மலாக வெளிவந்தது.

"ஆனால் நீ தரைப்பாம்பு என்கிறாய்!" என்றாள் நங்கை. "இவ்வளவு உயரம் அது எப்படி வந்தது?"

பிடாரன் கையிலிருந்த பாம்பைச் சாளரத்தின் வெளியே மரக்கிளையில் விட்டான். அறையில் வேறெங்கும் தேடவில்லை. நேராகப் பூக்குடலையிடம் போனான். இடக்கையின் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, அந்தக் கையால் மூடியைத் தூக்கி, மறுகையிலிருந்த கோலால் வாடிய பூக்களை விலக்கினான்.

அழுகிய மல்லிகையின் ஈரத்துக்குள், நனைந்த கார்முகில் நிறத்தில், தலையைத் தன் சுருளுக்குள்ளேயே புதைத்துக்கொண்டு அது கிடந்தது. வெண்கோடுகள் இரண்டிரண்டாக நிலவில் மின்னின.

நங்கை பாம்பைப் பார்க்கவில்லை. மூடியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அந்த இடக்கையில் சுண்டுவிரல் அடியோடு இல்லை.

திருநீற்றுப் பூச்சுக்கும் காவித் துணிக்கும் நடுவிலிருந்து, இந்தக் குடலையைத் தன்னிடம் நீட்டிய கை அது!

"பண்டாரம்..." என்றாள்.

"வடகரையாரின் ஒற்றன், தேவி" என்று தலைவணங்கினான் அவன். "இந்தப் பாம்பை யாரும் காணுமுன் எடுத்துப்போகத்தான் வந்தேன். சுவர்ப்பாம்பைக் காட்டிவிட்டுப் போயிருந்தால், ஆள் அடங்கியதும் திரும்பி வந்து என் வேலையை முடித்திருப்பேன். எனக்கு இட்ட பணி ஓர் உயிர், இரண்டு அல்ல."

கண்டனின் வாள் காற்றைக் கிழித்தது. ஆனால் ஒற்றன் அதற்குள் மூடியைச் சாத்திவிட்டுச் சாளரத்தில் ஏறியிருந்தான். கீழே கொள்ளிடம் சுழித்து ஓடியது. அடுத்த கணம் நீர் பிளக்கும் ஓசை கேட்டது.

சாளரத்தில் கால் வைத்த கண்டன், பின்னால் ஓலை முறியும் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

நங்கை மண்டியிட்டுக் குடலையின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். அவளுடைய வெறுங்கை உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பக்கம் தலைவனைக் கொன்றவன். நிலவில் அவன் தலை குதித்தால் எட்டிப்பிடிக்கும் தொலைவில் மிதந்தது. மறுபக்கம் இவள். கண்டன் ஒரு பாய்ச்சலில் வந்து அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்து, காலால் மூடியை அழுத்தினான். உள்ளே ஏதோ ஓலையில் முட்டி ஓய்ந்தது.

"விடுங்கள் என்னை! நான்தானே வாங்கினேன்? நான்தானே அவர் தலைமாட்டில் வைத்தேன்? 'வாசனை பிடிக்கிறதா அண்ணா' என்று கேட்டேனே!"

"தேவி..."

"உங்கள் வேளையில் அவர் போகவில்லை. என் வேளையில் போனார். கண்டரே, அந்த விளக்கை அணைத்துவிடுங்கள். என்னை யாரும் பார்க்க வேண்டாம். அணையுங்கள் என்கிறேன்!"

ஆற்றில் நீந்திய தலை வடகரை இருளில் மறைந்தது. அறை மூலையில் கைவிளக்கின் சுடர், சாளரக் காற்றில் படுத்து எழுந்தது. கண்டன் அதை நோக்கி நடந்தான். ஊதுவதற்கல்ல, இரு கைகளையும் குவித்து அதைக் காற்றிலிருந்து மறைத்துக்கொண்டான்.

"இல்லை" என்றான்.

பிறந்தது முதல் அவன் வாயில் வராத சொல் அது. சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் திகைத்து நின்றான்.

"இல்லை தேவி. அணைக்க மாட்டேன். ஒருமுறை அணைத்துவிட்டேன், போதும். கொற்றவை சாட்சியாகச் சொல்கிறேன்: அந்த ஒன்பது விரல் கைகளை இந்த மண்ணில் கட்டி நிறுத்தும்வரை என் தலை என்னுடையது அல்ல, உங்களுடையது. அதுவரை என் காவலில் எந்த விளக்கும் அணையாது."

பல்லி ஒன்று எங்கோ கத்தி ஓய்ந்தது. நங்கை எழுந்து, தலைமுடியைக் கட்டிக்கொண்டு, பூக்குடலையின் மூடிமேல் தன் மேலாடையைச் சுற்றி இறுக முடிந்தாள்.

"விடியும்போது கோயில் முன்றிலில் எல்லோரும் கூடுவார்கள்" என்றாள். "பூவை வாங்கியவள் நான் என்று என் வாயால் சொல்கிறேன். நீங்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே நடங்கள்."

அன்று வைகறையில் கொற்றவை முன்றிலில் கத்தியோடு காத்திருந்தவர்கள், மாடப்படிகளில் ஒரு சிறு சுடர் இறங்கி வருவதைக் கண்டு, மாண்ட தலைவனே வருகிறான் என்று நடுங்கி வழிவிட்டார்கள்.