காரணம் சூட்டும் விழா

எங்கள் தெருவில் தென்னை கிடையாது. வேலாயுதத்தின் முதுகுவலிக்குத் தென்னைதான் காரணம் என்று தீர்ப்பானதால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். ஊஞ்சலும் பப்பாளியும் மாலைப் பேருந்தும் அப்படித்தான் போயின. யாருக்கு நோய் வந்தாலும் பந்தல் போட்டு, சொந்தபந்தங்களைக் கூட்டி, அதற்குக் காரணம் சூட்டியாக வேண்டும் என்பது சட்டம். 'தெரியவில்லை' என்பது அநாகரிகமான சொல்.

சூட்டுகிறவர் காரணச் செம்மல் கோவேந்தன். பட்டுச் சால்வையோடு அவர் முன்னால் வர, தூக்குவாளி அளவில் இருக்கும் 'காரணி' என்ற கருவியை ஒருவர் பின்னால் சுமந்து வருவார். அதற்குள் உலக அறிவு முழுவதும் இருப்பதாகச் செம்மல் சொல்வார். அது செய்வதோ ஒரே வேலை. நோய் தெரிவதற்கு முன் கடைசியாக நடந்தது எது என்று பார்த்து, அதன் பெயரைச் சொல்லும். பெயர் வந்த எதுவும் அன்று மாலைக்குள் தெருவை விட்டுப் போய்விட வேண்டும்.

இந்த முறை விழா பூங்கோதை வீட்டில். அவள் மகன் ஆதனுக்கு ஆறு வயதில் முதல் வகைச் சர்க்கரை நோய். இனி தினமும் இன்சுலின். காரணி அதிகம் யோசிக்கவில்லை. "பள்ளியில் போட்ட தடுப்பூசி" என்றது. கூட்டம் கைதட்டியது. பூங்கோதை தட்டவில்லை. மறுநாள் அவளுடைய கைக்குழந்தைக்குத் தட்டம்மை ஊசி. கடைத்தெருவில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. ஊசி வண்டியைத் தெருவுக்குள் விடாவிட்டால் குழந்தையின் கதி?

எழுந்து நின்றாள். "பக்கத்துத் தெருவுல தடுப்பூசியை நிறுத்தி வருசக்கணக்காச்சு. அங்கயும் பிள்ளைகளுக்கு இதே நோய் வருதே. அதுக்கு என்ன காரணம் சொன்னீங்க?"

"பட்டம் விட்டது" என்றார் செம்மல், கூச்சமே இல்லாமல்.

மருத்துவர் சொன்னதை அவள் எடுத்துச் சொன்னாள். உடம்பின் காவல் அணுக்களே தடம் மாறி, இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிக்கின்றன. தாகமும் மெலிவும் தெரிவதற்குப் பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் முன்பே அது தொடங்கிவிடுகிறது. ஊசி போட்ட பிள்ளைகளையும் போடாத பிள்ளைகளையும் பெருந்திரளாக ஒப்பிட்டுப் பார்த்தும், ஊசியால் இந்த நோய் வருவதாகத் தெரியவில்லை. செம்மல் கனிவோடு புன்னகைத்தார். மருத்துவம் வேறு, காரணவியல் வேறாம்.

"சரி, உங்க வழிக்கே வாரேன். ஊசிக்குப் பிறகு பாக்கியம் அக்கா வீட்டு விழாவுல என் பிள்ளைக்கு லட்டு ஊட்டினீங்களா, இல்லையா?"

"ரெண்டு ஊட்டினாக" என்றாள் பாக்கியம்.

தம் செயல்கள் காரணியின் பதிவுக்கு அப்பாற்பட்டவை என்று செம்மல் விளக்கத் தொடங்கினார். அதற்குள் ஆதனின் தாய்மாமன் முடியரசு குனிந்து, கருவியின் காதில் லட்டு விவரத்தைச் சொல்லிவிட்டான்.

"காரணம், கோவேந்தன்" என்றது காரணி. அதற்கு மரியாதை கற்றுத்தந்திருக்கவில்லை.

முதலில் சிரித்தது வேலாயுதம்தான், முதுகைப் பிடித்துக்கொண்டு. சட்டம் சட்டம்தானே. கருவியைச் சுமந்தவர் வர மறுத்துவிட்டதால், செம்மல் அதைத் தாமே தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார்; பிறகு திரும்பினார். குரலில் பட்டு இல்லை.

"லட்டால வந்ததுன்னு நிஜமாவே நம்புறியாம்மா?"

"இல்ல. லட்டாலயும் வரல, உங்களாலயும் வரல, ஊசியாலயும் வரல."

"அப்ப எதனால?"

அவள் கையை விரித்தாள். அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை ஊசி வண்டி வந்தது. குழந்தை ஊரைக் கூட்டி அழுது, அம்மாவின் தோளில் அடங்கியது. சர்க்கரை பார்க்க விரலை நீட்டிய ஆதன் கேட்டான்.

"எனக்கு மட்டும் ஏம்மா வந்துச்சு?"

வேடிக்கை பார்த்து நின்ற பெண்களிடம் வழக்கமாக இதற்கு ஆளுக்கொரு பதில் இருக்கும். இன்று எல்லோரும் பூங்கோதையைப் பார்த்தார்கள்.

"தெரியல கண்ணு" என்றாள் பூங்கோதை.

ஆதன் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். இன்சுலினுக்கு நேரமாகியிருந்தது.