தலைக்கு அளவெடுக்க மறந்த ஸ்வெட்டர்

அருள்மணிக்கு வயது ஐந்து. ஆனால் அவன் தலைக்கு மட்டும் எட்டு வயது இருக்கும் என்று மூஞ்சிக்கல் தெருவில் எல்லாரும் கேலி செய்வார்கள். அவன் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டான். எனக்குத்தான் தெருவிலேயே பெரிய தலை என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

அந்தத் தலையால்தான் அவன் அக்கா ஜோசப்பினுக்குச் சோதனை வந்தது.

அது எழுபத்தொன்பதாம் வருடம். ஜோசப்பின் ஆறாம் வகுப்பு படித்தாள். டிசம்பரில் பள்ளியில் கைவேலைக் கண்காட்சி நடக்கும். முதல் பரிசு வாங்கும் பெண்ணின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். ஓட்டம், பாட்டு, கோலம் என்று எதில் சேர்ந்தாலும் ஜோசப்பின் கடைசிக்கு முந்தின ஆளாகத்தான் வருவாள். ஒரு தடவையாவது தன் பெயரை அப்படிக் கேட்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

தம்பிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுவது என்று முடிவு செய்தாள். பனிக்காலம் வந்தால் அருள்மணி இருமி இருமித் தூங்கமாட்டான். அப்பாவின் பழைய சட்டையைத் தன் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு திரிவான்.

அம்மா துணி வெளுக்கப் போகும் ஹாஸ்டலில், முழங்கை கிழிந்த நீல ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். ஜோசப்பின் அதை முழுக்கப் பிரித்தாள். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நின்றது. அதை நனைத்துக் கொடியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு கல்லைக் கட்டி நேராக்கினாள்.

முதல் வாரம் பின்னியது முக்கோணமாக வந்தது.

"ஏடி, இது ஸ்வெட்டரா, கோயில் கொடியா?" என்று சிரித்தாள் பக்கத்து பெஞ்சு லீலா.

பிரித்தாள். அடுத்த தடவை நடுவில் கண்ணிகள் நழுவி ஓட்டை விழுந்தது. அதையும் பிரித்தாள். சோறு வேகும்போது பின்னினாள், குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பின்னினாள். விரல் நுனியெல்லாம் சிவந்து போனது. மெல்ல மெல்ல ஸ்வெட்டர் உருவாகி வந்தது. மார்பு, கை நீளம், கழுத்து என்று எல்லாவற்றையும் தம்பி மேல் நூல் வைத்துக் கச்சிதமாக அளந்தாள். கூச்சத்தில் அவன் நெளிந்து நெளிந்து சிரித்தான்.

கண்காட்சி நெருங்கியது. கைவேலை கற்றுக்கொடுக்கும் சண்முகசுந்தரி டீச்சர் ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடையில வாங்குன மாதிரியே இருக்கு. இந்த வருசம் ஃபர்ஸ்ட் பிரைஸ் உனக்குத்தான்!"

அன்று சாயங்காலம் ஓடிவந்து தம்பிக்குப் போட்டுவிட்டாள் ஜோசப்பின். இரண்டு கையும் போனது. தலை போகவில்லை.

"அக்கா, இருட்டா இருக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தலையைத் தள்ளுலே!"

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்! காது வரமாட்டேங்குது!"

அம்மா ஓடிவந்து இழுக்க, காது சிவக்க ஓவென்று அழுதபடி வெளியே வந்தான்.

"ஏ புள்ள, கழுத்தை அளந்தியே, தலையை அளந்தியா?" என்று கேட்டார் அம்மா.

ஜோசப்பினுக்குத் திக்கென்றது. தலை வழியாகத்தானே ஸ்வெட்டர் கழுத்துக்கு வர வேண்டும்? கழுத்தையும் இரண்டு தோளையும் பிரித்து, அகலமாக மறுபடி பின்ன வேண்டும். கண்காட்சிக்கோ நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

மறுநாள் லீலாவிடம் சொல்லி அழுதாள்.

"இதுக்கா அழுவுற? மடிச்சு மேசையில வைக்கப் போறோம். யாரு போட்டுப் பாக்கப் போறா? பரிசை வாங்கிட்டு அப்புறமாப் பிரி" என்றாள் லீலா.

அதுவும் சரிதான் என்று ஜோசப்பினுக்குப் பட்டது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அருள்மணி மூலையில் உட்கார்ந்திருந்தான். தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான்.

"என்னலே பண்ற?"

"தலையைச் சின்னதாக்குறேன். எந்தலை பெருசா இருக்கிறதாலதானே போட முடியல? அழுவாதக்கா, வெரசாச் சின்னதாயிரும்."

ஜோசப்பினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தெருவிலேயே பெரிய தலை என்று பீற்றிக்கொண்டவன், இப்போது அதைக் குறையென்று நினைக்கிறான். இந்த ஸ்வெட்டருக்கு முதல் பரிசும் கொடுத்துவிட்டால், தப்பு தன் தலைமேல்தான் என்று அவன் முடிவே கட்டிவிடுவான்.

துண்டை அவிழ்த்தாள்.

"உன் தலை சரியாத்தான் இருக்கு. ஸ்வெட்டர்தான் தப்பு" என்று சொல்லிவிட்டு நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். கழுத்து சரசரவென்று பிரிந்தது.

கண்காட்சியன்று வெள்ளனே எழுந்து பின்னியும் வேலை முடியவில்லை. ஊசியோடுதான் மேசைக்கு வந்தாள்.

பரிசு கொடுக்க வத்தலக்குண்டிலிருந்து வந்த அம்மையார் அவள் முன் நின்றார். "என்னம்மா, இன்னும் முடியலையா?"

"இல்லைங்க. ஒரு தோளும் கழுத்தும் பாக்கி கெடக்குங்க."

அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

"முந்தாநாள் முழுசா இருந்துச்சே!" என்று பதறினார் சண்முகசுந்தரி டீச்சர்.

"தலை நுழையல, டீச்சர்."

டீச்சர் வெளிச்சம் விழும் ஜன்னலோரத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

லீலா பின்னிய தலையணை உறைக்கு முதல் பரிசு. ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கேட்டபோது ஜோசப்பின் கை தட்டினாள். ஆனாலும் வருத்தமாகத்தான் இருந்தது.

பரிசோடு மேடையிலிருந்து இறங்கிய லீலா நேராக அவளிடம் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நூல் உருண்டை உருண்டோடாமல் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் அம்மா அருள்மணியைக் கூட்டிவந்தார். ஜோசப்பின் கடைசிக் கண்ணியை முடித்து நூலை வெட்டினாள்.

அருள்மணி பயந்துகொண்டே கையைத் தூக்கினான். "தலையை அமுக்கிக்கிடவா, அக்கா?"

"வேண்டாம்லே. சும்மா நில்லு."

முதலில் முடி தெரிந்தது. அப்புறம் நெற்றி. ஒரு காது, இன்னொரு காது. கடைசியில் வாயெல்லாம் பல்லாக முழு முகமும் வந்தது.

அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. பரிசு வாங்கிய தலையணை உறை மேசையிலேயே கிடந்தது. ஜோசப்பினின் நீல ஸ்வெட்டரோ, "பாருங்க, என் தலை நுழைஞ்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே கண்காட்சி முழுக்க ஓடியது.