இடது பக்கம் வந்த பைக்

ஹெல்மெட்டுக்குக் கீழே ரத்தம் கசிந்து, சாலையோர மணலில் உறைந்திருந்தது.

காலை ஏழு மணி. கடற்கரைச் சாலையிலிருந்து திருப்புல்லாணிக்குப் பிரியும் முக்கு.

சப்-இன்ஸ்பெக்டர் ஈஸ்வரி குனிந்து பார்த்தாள். வில்பிரட். நாற்பது வயது. தங்கச்சிமடத்து மீனவன்.

அவன் சட்டைப் பையில் செல்போன் விடாமல் அடித்தது. திரையில்... ரெஜினா.

மனைவியாக இருக்கும். எப்படிச் செத்தான் என்று கேட்டால்?

"வேன்காரன்தான் மேடம் அடிச்சான்."

பின்னாலிருந்து குரல். வில்பிரட்டின் நண்பன் உக்கிரபாண்டி. முழங்கையில் சிராய்ப்பு.

"வில்பிரட்டு ஓட்டுனான். நான் பின்னால உக்காந்திருந்தேன். வேன்காரன் சிக்னலே போடாம இடது பக்கம் திரும்பிட்டான்."

மீன் வேன் டிரைவர் அப்துல் ஹாதி முன்னால் ஓடி வந்தான்.

"அல்லா மேல ஆணையா இண்டிகேட்டர் போட்டுட்டுத்தாம்மா திரும்புனேன். பைக்கு இடது பக்கமா முந்த வந்துச்சு. கண்ணாடில தெரியவே இல்ல."

"யாரு ஓட்டுனா?"

"பாக்கலம்மா. நூத்தியெட்டுக்குப் போன் போட ஓடுனேன். இங்கன என் போனுக்கு டவர் கிடைக்கல. திரும்பி வந்தப்ப இவரு, அவரு தலைமாட்டுல குனிஞ்சிருந்தாரு. மூச்சு இருக்கான்னு பாக்குறாருன்னு நெனச்சேன்."

ஈஸ்வரியின் பார்வை கூர்மையானது.

போட்டோக்கள் எடுத்து முடிந்ததும், கையுறை மாட்டி, ஹெல்மெட்டை மெல்லக் கழற்றினாள்.

வெளியே, தார் உரசிய ஆழமான கீறல்கள்.

உள்ளே, பிளந்திருந்த பின்மண்டையில்... மணல்!

எழுந்தாள்.

"இவர் ஹெல்மெட் போட்டுட்டுதான் விழுந்தாரா சார்?"

"ஆமா மேடம்."

"அப்ப காயத்துக்குள்ள இவ்வளவு மணல் எப்படி வந்துச்சு?"

உக்கிரபாண்டி ஓரடி பின்வாங்கினான்.

"விழுறப்ப ஹெல்மெட் யாரு தலையிலயோ இருந்திருக்கு. கீறல் சொல்லுது. உங்க தலையில ஒரு காயம்கூட இல்ல. தாடைக்குக் கீழ மட்டும் ஹெல்மெட் வார் அறுத்த தடம்."

அவன் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது.

"...நான்தான் ஓட்டுனேன். வேன் மெதுவாப் போச்சு. இடது பக்கம் எடம் தெரிஞ்சுச்சு... முந்திரலாம்னு..."

"ஓட்டுனது அவருன்னு காட்ட நீங்க ஹெல்மெட்ட மாட்டிவிடுறப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?"

உக்கிரபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்துல் ஹாதி வேன் சக்கரத்தில் சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"லைசென்ஸ எடுங்க சார்."

உக்கிரபாண்டி பர்ஸைத் திறந்தான். லைசென்ஸை உருவியபோது ஒரு விசிட்டிங் கார்டு நழுவிக் கீழே விழுந்தது. ஈஸ்வரி எடுத்துப் படித்தாள்.

உக்கிரபாண்டி டிரைவிங் ஸ்கூல். உரிமையாளர் மற்றும் தலைமைப் பயிற்சியாளர்.

"வெளிய தெரிஞ்சா ஸ்கூல இழுத்து மூட வேண்டியதுதான் மேடம். அதான்..."

ஈஸ்வரி ஜீப் கதவைத் திறந்துவிட்டாள்.

"இன்னைலருந்து லீவுன்னு போர்டு மாட்டச் சொல்லுங்க சார். மறுபடி எப்பத் திறக்கிறதுன்னு கோர்ட்டு சொல்லும்."